‘லிஸ் அண்ட் டிக்’ (2012): ஒரு பெருங்காதல் சின்னத்திரையில் சுருங்கிப்போனது ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘லிஸ் அண்ட் டிக்’ எத்தகைய படம்?

நடிகை எலிசபெத் (லிஸ்) டெய்லருக்கும் வேல்ஸ் நாட்டு நடிகர் ரிச்சர்ட் (டிக்) பர்ட்டனுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த காதலைச் சொல்லும் தொலைக்காட்சிப் படம் இது. அமெரிக்காவின் லைஃப்டைம் அலைவரிசை 2012 நவம்பர் 25 அன்று இதை முதன்முதலாக ஒளிபரப்பியது. கிறிஸ்டோபர் மாங்கர் எழுத, லாய்ட் கிரேமர் இயக்கினார். டெய்லராக லிண்ட்சே லோஹனும், பர்ட்டனாக நியூசிலாந்தில் பிறந்த கிராண்ட் பௌலரும் நடித்தார்கள். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்களுக்கான நேரத்தைக் கழித்துவிட்டால் படத்தின் நீளம் ஒன்றரை மணி நேரம்தான். டெய்லர் 2011 மார்ச்சில் தமது 79ஆம் வயதில் காலமானார். அந்த மறைவின் நினைவு ஆறுவதற்கு முன்பே படம் வந்துவிட்டது.

அந்தக் காதல் கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1960இல் லண்டனுக்கு அருகே உள்ள பைன்வுட் அரங்கில் ‘கிளியோபாட்ரா’ படப்பிடிப்பு தொடங்கியது. தலைமை வேடத்திற்கு டெய்லர் பேசிய சம்பளம் பத்து லட்சம் டாலர். அந்தக் காலத்தில் அது திகைக்க வைக்கும் தொகை. 1961இல் அவர் நிமோனியாவால் சாவின் விளிம்புக்குப் போய், தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பிறகே பிழைத்தார். படப்பிடிப்பு ரோம் நகரின் சினெசிட்டா அரங்கிற்கு மாறியது, இயக்குநர் மாறினார், ஆண்டனியாக நடிக்கவிருந்தவரும் மாறினார். புதிய ஆண்டனியாக நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையிலிருந்து அழைத்துவரப்பட்டவர்தான் பர்ட்டன்.

1962 ஜனவரியில் இருவரும் முதன்முதலாக ஒரே காட்சியில் நடித்தார்கள். டெய்லர் அப்போது பாடகர் எடி ஃபிஷரின் மனைவி. பர்ட்டனுக்கு சிபில் என்ற மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். சில வாரங்களிலேயே விஷயம் உலகம் முழுதும் பரவிவிட்டது. வத்திக்கான் வார இதழ் கண்டனக் கடிதம் வெளியிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இவர்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்றார். 1964 மார்ச் 15 அன்று மாண்ட்ரியலில் திருமணம் நடந்தது. 1974இல் மணவிலக்குப் பெற்றார்கள். 1975 அக்டோபரில் போட்ஸ்வானாவின் சோபே வனப் பகுதியில் மறுபடியும் மணந்துகொண்டார்கள். ஓராண்டுக்குள் மறுபடியும் பிரிந்தார்கள். 1983இல் பிராட்வேயில் ஒரே நாடகத்தில் சேர்ந்து நடித்தார்கள். 1984 ஆகஸ்ட் 5 அன்று சுவிட்சர்லாந்தின் செலினி என்ற சிற்றூரில், மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் பர்ட்டன் இறந்தார். அவருக்கு வயது 58.

இத்தனை திருப்பங்களை ஒரு கதாசிரியர் கற்பனையில் எழுதியிருந்தால் நம்ப மறுத்திருப்போம். அதனால்தான் இந்தப் படத்தின் தோல்வி எனக்கு இன்றும் மனக்குறையாகவே இருக்கிறது. கதைப் பஞ்சத்தால் ஒரு படம் தோற்றால் மன்னித்துவிடலாம். கையில் இவ்வளவு இருந்தும் வெறுங்கையோடு திரும்பிய படம் இது.

ஒளிபரப்புக்கு முன் இவ்வளவு எதிர்பார்ப்பு எழுந்தது ஏன்?

பெரும்பகுதி லோஹனால் எழுந்தது. 1998இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இரட்டை வேடத்தில் நடித்துப் புகழ் பெற்றவர் அவர். 2004இல் வந்த ‘மீன் கேர்ள்ஸ்’ அவரை அவருடைய தலைமுறையின் முதல்வரிசை நடிகைகளில் ஒருவராக ஆக்கியது. பிறகு நீதிமன்ற வழக்குகளும் மறுவாழ்வு மையங்களும் பத்திரிகைகளின் இடைவிடாத துரத்தலும் அந்தப் புகழை அரித்தன. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் முக்கியமான வேடம் எதுவும் இல்லாதிருந்த ஒருவர், குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கிப் புகைப்படக்காரர்களின் வேட்டைக்கு இரையான இன்னொருவராக நடிக்கப் போகிறார் என்ற செய்தி வந்தது. டெய்லரும் பன்னிரண்டு வயதில், 1944இல், ‘நேஷனல் வெல்வெட்’ மூலம் நட்சத்திரமானவர். இந்த ஒற்றுமை வெறும் விளம்பர உத்தி அல்ல. உண்மையிலேயே பொருள் பொதிந்தது. தான் பட்டதையே லோஹன் நடிப்பாக மாற்றக்கூடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி.

முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர். இவ்வளவு பேசப்பட்ட படத்திற்கு அது பெரிய எண்ணிக்கை அல்ல. அமெரிக்க விமர்சகர்களில் பெரும்பாலோர் கடுமையாகவே எழுதினார்கள்.

படம் கெட்டதற்கு லோஹன்தான் காரணமா?

இல்லை. படம் வெளிவந்தபோது பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. அது நியாயமே அல்ல என்பது என் கருத்து.

அவர் நடிப்பில் குறைகள் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. டெய்லரின் குரல் மெல்லியது, சிறுமியின் சாயல் கொண்டது. ஆங்கிலேய உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் அதில் கலந்திருக்கும். கோபம் வந்தால் அதே குரல் சட்டென்று கிறீச்சிடும். லோஹனின் குரல் கனத்து, கரகரத்த குரல். அவர் டெய்லரின் குரலைப் பிடிக்க முயல்வதாகவும் தெரியவில்லை, அதை விட்டுவிட்டுத் தமக்கென ஒரு பேச்சுமுறையை அமைத்துக்கொள்வதாகவும் தெரியவில்லை. அதனால் வசனங்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைப் போல ஒலிக்கின்றன.

ஆனால் அவர்மேல் சுமத்தப்பட்ட பாரத்தையும் பார்க்க வேண்டும். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 25, 26. கதையில் டெய்லருக்கு 29 வயதில் தொடங்கி 52 வயது வரை அவர் நடிக்க வேண்டும். அந்த முதுமையைக் காட்டப் படம் அவருக்குக் கொடுத்தவை பொய்முடியும் ஒப்பனையும் உடைகளும் மட்டுமே. எண்பதுகளின் டெய்லராக அவர் வரும்போது, அம்மாவின் பீரோவைத் திறந்து அவளுடைய உடுப்புகளை எடுத்து அணிந்துகொண்ட பெண்ணைப் போலத்தான் தெரிகிறார்.

டெய்லரே இதே சவாலை ஒருமுறை ஏற்றிருக்கிறார் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?’ படப்பிடிப்பு நடந்த 1965இல் அவருக்கு வயது 33. மார்த்தா என்ற பாத்திரத்திற்கோ ஐம்பது கடந்த வயது. அவர் உடல் எடையைக் கூட்டினார், நரைத்த பொய்முடி அணிந்தார், நடையைத் தளர்த்தினார், குரலைக் கரடுமுரடாக்கினார். உலகின் பேரழகி என்று பெயரெடுத்தவர் தம் அழகைத் தாமே கலைத்துப்போட்டு நின்றார்; அதற்காக இரண்டாவது ஆஸ்கர் விருதும் பெற்றார். அந்த மாற்றத்திற்கு அவருக்கு, படத்திற்கு மூலமான நாடகத்தின் அற்புதமான வசனங்களும், ஒத்திகைக்கு நேரமும், மைக் நிக்கல்ஸ் என்ற இயக்குநரும், எதிரே பர்ட்டனும் இருந்தார்கள். லோஹனுக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை.

அப்படியானால் உண்மையான குறை எங்கே இருக்கிறது?

எழுத்தில். இருபத்திரண்டு ஆண்டுகளை ஒன்றரை மணி நேரத்தில் அடக்க வேண்டும் என்று முடிவு செய்தபோதே படம் பாதி தோற்றுவிட்டது. ரோம், லண்டன், சொகுசுப் படகு, சுவிட்சர்லாந்து, போட்ஸ்வானா என்று காட்சிகள் தாவிக்கொண்டே இருக்கின்றன. ஒரு சண்டை தொடங்கி, அதன் காரணம் நமக்குப் புரிவதற்குள் சமாதானம் ஆகிவிடுகிறது. சமாதானத்தின் இனிமையில் நாம் அமர்வதற்குள் அடுத்த சண்டை வந்துவிடுகிறது. சந்திப்பு, பரபரப்பு, திருமணம், குடி, பிரிவு, மறுமணம், மரணம் என எல்லாமே இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி முளைத்தது என்பது மட்டும் இல்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. இவர்கள் இருவரும் ஏன் ஒருவரையொருவர் விட முடியாமல் தவித்தார்கள் என்ற கேள்விக்குப் படத்திடம் விடை இல்லை. உடல் ஈர்ப்பு என்கிறது, நகைகள் என்கிறது, குடி என்கிறது. அவை எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்களைப் பிணைத்த முதன்மையான கயிறு நடிப்புத் தொழில். இருவரும் சேர்ந்து பதினொரு படங்களில் நடித்தார்கள். இரு நடிகர்களின் காதலைச் சொல்ல வந்த படம், அவர்களுடைய நடிப்புக்கு மிகக் குறைவான நேரத்தையே ஒதுக்கியிருக்கிறது.

நடிப்புத் தொழில் அவர்கள் காதலில் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். ‘கிளியோபாட்ரா’ தொடங்கியபோது பர்ட்டன் லண்டனின் ஓல்ட் விக் மேடையில் ஷேக்ஸ்பியரின் நாயகர்களாக நடித்துப் பெயர் வாங்கியவர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர். டெய்லரோ குழந்தைப் பருவம் முதல் கேமரா முன்னாலேயே வளர்ந்தவர். உடன் நடிக்கத் தொடங்கியதும், இந்தப் பெண் எதுவுமே செய்யாமல் நிற்கிறாளே என்று பர்ட்டன் இயக்குநர் ஜோசப் மேன்கிவிச்சிடம் குறைபட்டுக்கொண்டார். மேன்கிவிச் அவரை அழைத்துப்போய், அன்றன்று எடுத்த காட்சிகளைப் போட்டுக் காட்டினார். எதுவும் செய்யாதது போலத் தெரிந்தவர் திரை முழுவதையும் ஆட்கொண்டிருந்தார். திரைக்கு எவ்வளவு குறைவாகச் செய்தால் போதும் என்பதை டெய்லரிடமிருந்துதான் கற்றதாகப் பர்ட்டன் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். அவரிடமிருந்து டெய்லர் கவிதையையும் நாடக இலக்கியத்தையும் பெற்றார்.

ஒரு மனிதன் தன் தொழிலில் தான் பெரியவன் என்று நம்பிக்கொண்டு வந்து, தான் குறைவாக எடைபோட்ட பெண்ணிடம் அதே தொழிலைக் கற்றுக்கொள்ளும் தருணத்தைவிட ஒரு காதல் படத்திற்கு வேறென்ன வேண்டும்? ஓர் இருட்டறை, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு நாற்காலிகள் இருந்தால் போதும், அந்தக் காட்சியை எடுத்துவிடலாம். செலவும் இல்லை.

டெய்லர் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லி மகிழ்ந்த இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. முதல் நாள் படப்பிடிப்புக்குப் பர்ட்டன் முந்தைய இரவின் குடிமயக்கம் தெளியாமல் வந்தார். காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக முடியாதபடி கை நடுங்கியது. டெய்லர் அந்தக் கோப்பையை வாங்கி அவர் உதட்டருகே பிடித்துக் குடிக்க வைத்தார். அந்தக் கணத்தில்தான் தம் மனம் இளகியதாக அவர் சொல்வார். அவர்களுடைய எதிர்காலம் முழுவதும் அதில் இருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்துப் பர்ட்டனைக் கொல்லப்போகும் குடியும் அங்கே இருக்கிறது. அவரைத் தாங்கிப் பிடிக்கும் கையும் இருக்கிறது. இப்படிப்பட்ட சிறு கணங்களில் நிலைத்து நிற்கும் பொறுமை ‘லிஸ் அண்ட் டிக்’ படத்திற்கு இல்லை.

கறுப்புப் பின்னணியில் இருவரும் பேட்டி கொடுப்பதைப் போல வரும் காட்சிகள் எதற்கு?

படத்தின் இடையிடையே டெய்லரும் பர்ட்டனும் கறுப்பு உடையில், இருண்ட பின்னணியில், நாற்காலிகளில் அமர்ந்து தங்கள் காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். இறப்புக்கு அப்பாலான ஓரிடத்திலிருந்து பேசுகிறார்கள் என்று கொள்ள வேண்டும். நோக்கம் தவறானதல்ல. தாவித் தாவிச் செல்லும் கதையைக் கோத்துக் கட்ட ஒரு நூல் தேவைப்பட்டது. எழுத்தாளர் இதைத் தேர்ந்துகொண்டார்.

ஆனால் இந்தக் காட்சிகள் உதவியதைவிடக் கெடுத்ததே அதிகம். “அவரைப் பார்த்த மாத்திரத்தில் என் உலகமே மாறிவிட்டது” என்ற பொருளில் ஒரு பாத்திரம் நம்மிடம் நேராகச் சொல்லிவிட்டால், அதைக் காட்சியில் நிகழ்த்திக் காட்டும் கடமையிலிருந்து படம் தப்பித்துக்கொள்கிறது. இங்கே நடப்பது அதுதான். சொல்லியாகிவிட்டது, இனிக் காட்ட வேண்டியதில்லை என்று ஒவ்வொரு முறையும் படம் நகர்ந்துவிடுகிறது. தவிரவும், பர்ட்டன் பேச்சில் வல்லவர். தொலைக்காட்சிப் பேட்டிகளில் அவர் கதை சொல்லும் அழகை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். அவர் வாயில் சாரமற்ற வாக்கியங்களை வைத்துப் பேட்டிக் காட்சி எழுதியிருப்பதை அவரை நேசிப்பவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாது.

நகைகளைப் படம் எப்படிக் கையாளுகிறது?

மேலோட்டமாக. பர்ட்டன் டெய்லருக்கு வாங்கிக் கொடுத்த நகைகள் வரலாற்றில் இடம்பெற்றவை. 1968இல் 33.19 கேரட் க்ருப் வைரம்; 1969இல், ஏலத்தில் கைநழுவிப்போய், மறுநாளே கார்ட்டியே நிறுவனத்திடமிருந்து 11 லட்சம் டாலருக்கு வாங்கிய 69.42 கேரட் வைரம். அதே ஆண்டு 37,000 டாலருக்கு எடுத்த, ஸ்பெயின் அரச குடும்பத்தில் நூற்றாண்டுகள் இருந்த ‘லா பெரெக்ரினா’ முத்து. டெய்லர் மறைந்த பிறகு, 2011 டிசம்பரில் நடந்த ஏலத்தில் அந்த முத்து கோத்த அட்டிகை ஒரு கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது.

படத்தில் நகை வரும்போதெல்லாம் அது ஒரு சண்டைக்குப் பிந்தைய சமாதானப் பரிசாகவோ, ஆடம்பரத்தின் அடையாளமாகவோ வந்து போகிறது. பார்ப்பவர்களுக்கு, விலை கொடுத்து வாங்கிய பாசம் என்ற எண்ணமே மிஞ்சும். உண்மைக் கதை அப்படியல்ல. அந்த முத்து கைக்கு வந்த புதிதில், லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில், சங்கிலியிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. பக்கத்து அறையில் பர்ட்டன் எரிச்சலான மனநிலையில் இருந்தார். அவரிடம் சொல்லப் பயந்த டெய்லர், காலணியைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கம்பளத்தைத் தடவித் தடவி அறை முழுவதும் தேடினார். அப்போது அவர்களுடைய நாய்க்குட்டிகளில் ஒன்று எலும்பைக் கடிப்பதைப் போல எதையோ கடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே உலகின் புகழ்பெற்ற முத்து, கீறல் இல்லாமல் இருந்தது. டெய்லரே எழுதிவைத்த சம்பவம் இது. சிரிப்பும் பயமும் செல்லமும் கலந்த ஒரு குடும்பக் காட்சி அதில் தயாராகக் கிடந்தது.

பர்ட்டனாக நடித்த கிராண்ட் பௌலர் எப்படி?

படத்தில் ஓரளவு தப்பித்தவர் அவரே. பர்ட்டனின் குரலை நகலெடுக்க யாராலும் இயலாது. தென்வேல்ஸின் பொன்ட்ரிடிவென் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பன்னிரண்டாவது குழந்தையாகப் பிறந்து, பிலிப் பர்ட்டன் என்ற ஆசிரியரால் வளர்க்கப்பட்டு, அவருடைய பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டவரின் குரல் அது. ஆசிரியர் அவரை மலைமேல் நிறுத்திப் பேசப் பழக்கினார். பௌலர் அந்த நகலெடுப்பில் அதிகம் சிக்கிக்கொள்ளாமல், அவருடைய தளர்ச்சியையும் குற்றவுணர்வையும் பிடிக்க முயல்கிறார். எதிரே இருப்பவரோடு கண்ணோடு கண் பேசும் சில நொடிகள் மெய்யாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு காதல் படத்தில் ஒருவர் மட்டும் நடித்தால் போதாது. இருவருக்கும் இடையில் ஒன்று நிகழ வேண்டும்.

தொலைக்காட்சிப் படம் என்பதால் இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும் என்கிறார்களே?

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. தொலைக்காட்சிப் படத்திற்கு நெருக்கடிகள் உண்டு. பணம் குறைவு, சில வாரங்களில் படப்பிடிப்பை முடிக்க வேண்டும், ரோமையும் லண்டனையும் லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுவட்டாரத்தில் உருவாக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விளம்பர இடைவேளை வரும். அதற்கு முன் பார்வையாளரைப் பிடித்து நிறுத்த ஒரு கூச்சல், கன்னத்தில் ஓர் அறை, ஒரு கதவடைப்பு தேவைப்படும். ‘லிஸ் அண்ட் டிக்’ படத்தின் சண்டைகள் திடீரென வெடித்துத் திடீரென அடங்குவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதே காதலை, இதே சின்னத்திரையில், அடுத்த ஆண்டே வேறொருவர் எடுத்துக் காட்டினார். பிபிசி ஃபோர் அலைவரிசை 2013 ஜூலையில் ஒளிபரப்பிய ‘பர்ட்டன் அண்ட் டெய்லர்’ படத்தை வில்லியம் ஐவரி எழுத, ரிச்சர்ட் லாக்ஸ்டன் இயக்கினார். ஹெலனா பான்ஹம் கார்ட்டரும் டொமினிக் வெஸ்டும் நடித்தார்கள். அவர்களிடமும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. நிதிக் குறைப்பால் அந்த அலைவரிசை சொந்த நாடகப் படங்களைத் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்ட நேரம். அந்த வரிசையில் இதுவே கடைசிப் படம்.

அந்த பிபிசி படம் எதைச் சரியாகச் செய்தது?

ஒரே ஒரு முடிவை எடுத்தது. இருபத்திரண்டு ஆண்டுகளையும் விட்டுவிட்டு 1983ஆம் ஆண்டின் சில மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டு முறை மணந்து இரண்டு முறை பிரிந்த பிறகு, இருவரும் பிராட்வேயில் நோயல் கவர்டின் ‘பிரைவேட் லைவ்ஸ்’ நாடகத்தில் நடித்த காலம் அது. நாடகத்தின் கதையோ, மணவிலக்குப் பெற்ற கணவனும் மனைவியும் தத்தம் புதுத் துணைகளோடு தேனிலவுக்கு வந்து, பக்கத்துப் பக்கத்து அறைகளில் தங்க நேர்ந்து, மறுபடியும் காதலில் விழுவது. மக்கள் நாடகம் பார்க்க வரவில்லை. இவர்கள் இருவரையும் பார்க்க வந்தார்கள். அது பர்ட்டனுக்குத் தெரியும், வலிக்கும். டெய்லருக்கும் தெரியும்; அவர் அதைக் கொண்டாடினார்.

ஒத்திகைக்குப் பர்ட்டன் வசனங்களைப் படித்துத் தயாராக வந்திருக்கிறார்; டெய்லரோ நாடகப் பிரதியை இன்னும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பர்ட்டன் தோள் வலியோடும் குடியை விட்ட நடுக்கத்தோடும் இருக்கிறார். டெய்லர் மாத்திரைகளிலும் மதுவிலும் மூழ்கியிருக்கிறார். நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவ்வாண்டு ஜூலையில், பர்ட்டன் லாஸ் வேகாஸில் சாலி ஹே என்பவரை மணந்துகொள்கிறார். அதன் பிறகும் மேடையில் இருவரும் காதலர்களாக நடித்தாக வேண்டும். இருபது ஆண்டுகளில் நடந்தது எல்லாம் இந்தச் சில மாதங்களின் பார்வைகளிலும் எரிச்சல்களிலும் வெளிப்பட்டுவிடுகிறது. பான்ஹம் கார்ட்டருக்கு டெய்லரின் முகச்சாயல் அவ்வளவாக இல்லை. ஆனால் தன்னை விட்டுப் போகப்போகிறவனைத் தக்கவைக்க ஒரு பெண் எவ்வளவு சிறுபிள்ளைத்தனம் வரை இறங்குவாள் என்பதை அவர் காட்டும்போது, முகச்சாயலை யாரும் தேடுவதில்லை.

‘லிஸ் அண்ட் டிக்’ உண்மைகளைத் திரித்துவிட்டதா?

பெரிய திரிப்பு எதுவும் இல்லை. முக்கியமான நிகழ்வுகள் ஏறக்குறைய நடந்த வரிசையிலேயே வருகின்றன. பர்ட்டன் தம் கடைசி நாட்களில் டெய்லருக்கு எழுதியதாக டெய்லரே சொல்லிவந்த கடிதமும் படத்தில் உண்டு. பர்ட்டனின் மறைவுக்குப் பிறகு கைக்கு வந்த அந்தக் கடிதத்தை அவர் யாருக்கும் காட்டாமல் கடைசிவரை வைத்திருந்தார். படத்தின் சிக்கல், உண்மைகளைப் பட்டியலாக அடுக்கியதோடு நின்றுவிட்டதுதான்.

இருவரும் சேர்ந்து நடித்த தொலைக்காட்சிப் படம் ஒன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. அதுவும் ஏமாற்றமான படம் என்பது விந்தையான பொருத்தம். 1973 பிப்ரவரியில் ஏபிசி அலைவரிசை இரண்டு இரவுகளில் ஒளிபரப்பிய ‘டிவோர்ஸ் ஹிஸ், டிவோர்ஸ் ஹெர்ஸ்’தான் அவர்கள் சேர்ந்து நடித்த பதினோராவது படம், கடைசிப் படமும் கூட. இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். உடைந்துபோகும் ஒரு திருமணத்தை முதல் பகுதி கணவனின் பார்வையிலும் இரண்டாம் பகுதி மனைவியின் பார்வையிலும் சொல்கிறது. விமர்சகர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. ஒளிபரப்பான அடுத்த ஆண்டு அவர்கள் உண்மையிலேயே மணவிலக்குப் பெற்றார்கள்.

படம் மந்தமாகவே நகர்கிறது. பர்ட்டன் பல இடங்களில் களைத்துத் தெரிகிறார். இருந்தும், ‘லிஸ் அண்ட் டிக்’ படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தோற்ற படத்திலும் அந்த இருவரும் ஒரே அறைக்குள் நிற்கும்போது காற்றில் ஏதோ மாறுவதை உணரலாம்.

அப்படியானால் ‘லிஸ் அண்ட் டிக்’ பார்க்க வேண்டுமா?

டெய்லர், பர்ட்டன் இருவரையும் பற்றி எதுவும் அறியாதவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம். கூச்சலிடும் ஒரு பணக்காரப் பெண்ணும் குடிக்கும் ஒரு நடிகரும் என்ற எண்ணமே மனதில் பதியும். அதை அழிப்பது கடினம். லோஹனின் நடிப்பு வாழ்க்கையைத் தொடர்பவர்கள் ஒருமுறை பார்க்கலாம். ஏளனம் செய்வதற்காகவே கூடி உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் அது வெளிவந்த இரவிலேயே தொடங்கிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண் இயன்றவரை உழைத்திருக்கிறார்.

இந்தக் காதலை அறிய விரும்புபவர்கள் முதலில் ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?’ பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளையில், ஒரே இரவில் நடக்கும் கதை. அடுத்ததாக பிபிசி படம். படிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு, யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2012இல் வெளியிட்ட பர்ட்டனின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அவருடைய கோபமும் பொறாமையும் டெய்லர்மேல் அவருக்கிருந்த வியப்பும் அவர் கைப்படவே அதில் பதிவாகியிருக்கின்றன. பருமனான நூல். அறுபதுகளின் இறுதி ஆண்டுப் பக்கங்களிலிருந்து தொடங்கினால் எளிதாக உள்ளே போய்விடலாம். நகைகள் வாங்கியதும், படகில் திரிந்ததும், சண்டையிட்ட மறுநாள் காலை வருந்தியதும் எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் வருகின்றன.